துரை பங்களாவில் அடுப்பு எரிந்த காலை

சரண்யாதேவிக்குக் கோபம் வந்தால் பேச மாட்டாள், வேலை செய்வாள். போன வாரம் முழுக்க துரை பங்களாவின் ஜன்னல் கண்ணாடிகள் பளபளவென்று இருந்தன என்றால், அவள் எவ்வளவு பெரிய கோபத்தில் இருந்தாள் என்று நீங்களே யோசித்துக்கொள்ளலாம்.

வாராவாரம் கூடவே வருபவர்களுக்கு அந்தக் கோபத்தின் கதை தெரியும். புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்காக ஒரு மூச்சில் சொல்லிவிடலாம்.

வாடிப்பட்டியைத் தாண்டி, சிறுமலையைப் பார்த்தபடி, பெரியாறு வாய்க்கால் ஓரமாக நிற்கிறது அந்தப் பங்களா. எந்தக் காலத்திலோ ஒரு வெள்ளைக்கார இன்ஜினீயர் கட்டியது. அவருக்குப் பிறகு ஊர்ப் பெரிய வீட்டுக்காரர்கள் கையில் இருந்தது. அவர்கள் வயலில் கூலிக்கு நாற்று நட்ட மொக்கைச்சாமி, பிற்பாடு செங்கல் சூளை போட்டு முன்னுக்கு வந்து, அவர்கள் விற்க வந்தபோது அதே பங்களாவை வாங்கினார். வாங்கி, கால் நீட்டி உட்காருவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார். அவருடைய மூத்த மகன் பாண்டிராஜும், அவன் மனைவி சரண்யாதேவியும் அறைகளைச் சரிபண்ணி, அதைத் தங்கும் விடுதி ஆக்கினார்கள். இரவு தங்கலாம். காலை டிபன் வாடகையிலேயே சேர்த்தி.

போட்டோவில் பங்களாவைப் பார்த்து ஆசையாய் வந்தவர்கள் எல்லாரும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டுதான் போனார்கள். போனவர்கள் சும்மாவும் போகவில்லை.

'அந்தக் காலத்துப் பங்களாவில் உட்கார்ந்து பஸ் ஸ்டாண்டு இட்லியைப் பேப்பர் தட்டில் தின்றோம்' என்று ஒருவர் எழுதினார். சாம்பார் பொட்டலத்தைப் பல்லால் கடித்துப் பிரித்ததில் புதுச் சட்டை பாழானதாக இன்னொருவர். 'வீட்டுக்காரர்கள் நம்மைக் கண்டால் ஒளிகிறார்கள். யாரிடம் இந்த வீட்டைப் பற்றிக் கேட்பது?' என்று ஒரு அம்மாள்.

இன்னும் ஒரு மோசமான ரிவ்யூ வந்தால் பங்களாவின் பெயரையே லிஸ்டிலிருந்து எடுத்துவிடுவோம் என்று புக்கிங் கம்பெனிக்காரன் சொல்லிவிட்டான். இதுதான் சமயமென்று கொழுந்தன் விக்ரம் ஒரு ஆளைப் பிடித்து வந்தான். மசாலாப் பொடிக்காரர். பங்களாவைக் குடோனாகக் கேட்கிறார். வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள் பதில் வேண்டுமாம்.

"மதினி, வந்தவுகளும் சந்தோசமா இல்ல, நாமளும் இல்ல. பேசாம மூட்டைய அடுக்க விட்டுருவோம். மூட்டை ரிவ்யூ எழுதாது" என்றான் விக்ரம். மதுரையில் பைக் ஷோரூமில் வேலை அவனுக்கு. பேச்சுக்குப் பஞ்சமில்லை.

அந்த வெள்ளிக்கிழமை இன்றுதான். இன்று பங்களாவில் தங்கியிருப்பதோ சத்யப்ரியா. பெங்களூரில் ஆட்களைச் சேர்த்துக்கொண்டு பழைய வீடுகள், பழைய கோயில்கள் என்று சுற்றிக் காட்டுவது அவள் தொழில். மதுரைக்கு வரும் தன் ஆட்களை இங்கே தங்க வைக்கலாமா என்று பார்க்கத்தான் நேற்றுச் சாயங்காலம் வந்து இறங்கினாள். மகளோடு ஒரு நாள் சேர்ந்திருக்கலாம் என்று உசிலம்பட்டியிலிருந்து அம்மா அன்னக்கொடியும் கூட வந்திருந்தாள்.

இவர்களும் முகம் சுளித்துப் போனால், பங்களாவில் மிளகாய் வத்தல் மூட்டைதான். சரண்யாவுக்கு அது நன்றாகத் தெரியும். தெரிந்துதான், நேற்று ராத்திரி படுக்கப் போகும் முன் யாரிடமும் சொல்லாமல் ஒரு காரியம் செய்திருந்தாள்.

*

விடிந்தும் விடியாமல் பாண்டிராஜ் பைக் சாவியை எடுத்தான். தினமும் வாடிப்பட்டிக்குப் போய் சோணை ஓட்டலில் பார்சல் வாங்கி வருவது அவன் வேலை.

"எங்க கெளம்பிட்டீக?" என்றாள் சரண்யா.

"என்ன புதுசா கேக்குற? ஓட்டலுக்கு."

"போக வேணாம். சோணை அண்ணனுக்கு நேத்தே போன் போட்டு, இனிமே பார்சல் வேணாம்னுட்டேன். அத்தை அவிக்கிற இட்லியத்தான் வைக்கப் போறேன்."

பாண்டிராஜ் சாவியைப் பார்த்தான், சரண்யாவைப் பார்த்தான், பின்கட்டைப் பார்த்தான்.

"அம்மாட்டச் சொல்லிட்டியா?"

"இப்பத்தான் சொல்லப் போறேன்."

"அப்பச் சரி. நீ சொல்லிட்டு இரு. நான் மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு வாரேன்."

நல்ல மனுஷன் பாண்டிராஜ். குறை ஒன்றுதான். வீட்டில் சண்டை வரும்போலத் தெரிந்தால் அவன் மாட்டுக்குத் தாகம் எடுத்துவிடும்.

பங்களாவுக்குள் மேடையும் கேஸ் அடுப்புமாய்ப் புது அடுப்படி ஒன்று இருக்கிறது. மாமியார் தங்கப்பொண்ணு அதில் வெந்நீர் வைப்பதோடு சரி. பின்னால் தகரம் போட்டு இறக்கிய சாய்ப்பில்தான் அவளுடைய சமையல் எல்லாம். விருந்தாளிகளுக்கு ஓட்டல் பார்சல் பிரியும் அதே நேரத்தில், இந்தச் சாய்ப்பில் வீட்டு ஆட்கள் பஞ்சு மாதிரி இட்லியும் தண்ணிச் சட்னியும் தின்றுகொண்டிருப்பார்கள். இந்த அநியாயம் சரண்யாவுக்குப் புரிந்ததே இல்லை. எப்போது கேட்டாலும், "விருந்தாளிக்கு ஓட்டல் பண்டம்தான் மருவாதி" என்று தங்கப்பொண்ணு முடித்துவிடுவாள். மாமியாருக்கு ஓட்டல் மோகம் என்றே சரண்யா நினைத்து வந்தாள்.

அன்றைக்கு மொச்சைக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. வாசனை வாய்க்கால் வரைக்கும் போயிருக்கும்.

"அத்தை, இன்னைக்கு ஓட்டல் பார்சல் வராது. இந்த இட்லியத்தான் அவுகளுக்கு வைக்கப் போறேன்."

தங்கப்பொண்ணு சிரித்தாள். மருமகள் சிரிக்கவில்லை என்று கண்டதும் அவள் சிரிப்பு நின்றது.

"என்ன வெளையாடுறியா? அவன ஓடிப் போய் வாங்கிட்டு வரச் சொல்லு."

"வெளையாடல. வேணாம்னு சொல்லியாச்சு."

"யாரக் கேட்டுச் சொன்ன?" தங்கப்பொண்ணு கரண்டியைக் கீழே வைத்தாள். திட்டு விழும் என்றுதான் சரண்யா எதிர்பார்த்து வந்திருந்தாள். மாமியார் முகத்தில் இருந்ததோ பயம். பாம்பையே அடித்துத் தூக்கிப் போட்டவள் அவள். அவள் பயந்து சரண்யா பார்த்ததில்லை.

"அத்தை, ஒங்க இட்லிக்கு என்ன கொறை?"

"இட்லிக்கு ஒரு கொறையும் இல்ல. அவிச்ச கைக்குத்தான் கொறை."

சரண்யாவுக்கு ஒரு நொடி புரியவில்லை. புரிந்தபோது காது சூடானது. திருமங்கலத்தில் பஸ் கண்டக்டர் மகளாக, பல சாதிக்காரர்கள் குடியிருந்த வரிசை வீட்டில், எந்த வீட்டில் குழம்பு நன்றாயிருக்கிறதோ அந்த வீட்டில் சாப்பிட்டு வளர்ந்தவள் அவள். இந்த ஊர் அவளுக்குப் பாதிதான் தெரியும்.

"ஒனக்குச் சொன்னதில்ல" என்றாள் தங்கப்பொண்ணு. அடுப்பைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "பெரிய வீட்டுக்காரவுக இங்க இருந்தப்ப, மாட்டுக் கொட்டத்துல சாணி அள்ளுறது நாந்தான். அவுக வீட்டுல ஒரு கலியாணம். அண்டா அண்டாவா மாவாட்டி வச்சிருந்தாக. ஒரு அண்டா சரிஞ்சு விழப் போச்சு. பக்கத்துல நின்ன நான் ஓடிப் போய்த் தாங்கிப் புடிச்சேன். நல்லதுதான பண்ணேன்? கை பட்டுருச்சுன்னு, அம்புட்டு மாவையும் தூக்கிட்டுப் போய் வாய்க்கால்ல கொட்டிப்புட்டாக. தண்ணி வெள்ளையாப் போச்சு. நான் நின்னு பாத்துக்கிட்டு இருந்தேன்."

சரண்யாவுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. யாரோ கொட்டிய மாவுக்காக, இத்தனை நாளாக இந்த வீடு ஆறிப்போன பார்சலைப் பிரித்துக்கொண்டிருந்திருக்கிறது. ஆள் வந்தால் மாமியார் பின்பக்கம் போய்விடுவதும், விருந்தாளி முன்னால் பாண்டிராஜுக்கு வாய் திறக்காததும் எதனால் என்று இப்போது விளங்கியது. வந்தவர்கள் குறை சொன்னது இட்லியை. குறை இட்லியில் ஆரம்பிக்கவில்லை.

"அது அந்தக் காலம், அத்தை."

"எந்தக் காலம்? கொட்டுன வாய்க்கா அந்தா ஓடிக்கிட்டுத்தான இருக்கு? அந்தப் பொண்ணு பெங்களூருக்காரி, கேக்க மாட்டா. அம்மாக்காரி நம்ம பக்கத்து மனுசி. யாரு எவருன்னு கேக்காம கை நனைக்க மாட்டாக."

"கேட்டாச் சொல்லுவோம்."

"சொன்னா எந்திரிச்சுப் போயிருவாக, தாயி."

"போகட்டும். இப்ப மட்டும் சந்தோசமாவா போறாக? யாரோ அவிச்ச இட்லிக்கு நாம பேச்சு வாங்கிட்டு இருக்கோம். போறதுன்னா நம்ம இட்லிக்குப் போகட்டும்."

தங்கப்பொண்ணு நிமிர்ந்து மருமகளைப் பார்த்தாள். இட்லிக் கொப்பரையின் மூடியைத் திறந்து, துணியோடு தட்டைத் தூக்கிக் கவிழ்த்து, தண்ணீர் தெளித்துத் துணியை உரித்தாள்.

"நான் வெளிய வர மாட்டேன்" என்றாள்.

"வர வேணாம். அவிச்சு அவிச்சுக் குடுங்க, போதும்."

*

பேப்பர் தட்டுக் கட்டைத் தூக்கிப் பரணில் எறிந்துவிட்டு, பீரோவுக்கு மேலே அட்டைப் பெட்டியில் கிடந்த எவர்சில்வர் தட்டுகளை எடுத்தாள் சரண்யா. பங்களாவுக்குப் பால் காய்ச்சியபோது மொக்கைச்சாமி ஆசையாய் வாங்கி, பேர் வெட்டியவை. ஒன்றில்கூட இதுவரை யாரும் சாப்பிட்டதில்லை.

சத்யப்ரியா குளித்துவிட்டுத் தலையை உதறிக்கொண்டே வந்தாள். "எங்கேயிருந்து வருது இந்த வாசனை? நான் பிரெட்டுதான் வரும்னு நெனச்சேன்."

"மொச்சக் கொழம்பு. ஒக்காருங்க."

அன்னக்கொடி பின்னாலேயே வந்து உட்கார்ந்தாள். நெற்றி நிறையத் திருநீறு, காதில் பளிச்சென்று தோடு. சிரித்த முகம். பார்க்கப் போனால் சரண்யாவுக்கு அவளைப் பிடித்தே இருந்தது. நேற்று வந்ததும் வராததுமாக, "நீயும் ஒரு வாய் காப்பி குடிம்மா" என்று சொன்ன ஒரே விருந்தாளி அவள்தான்.

சத்யப்ரியா முதல் இட்லியைப் பிட்டு வாயில் போட்டாள். இரண்டாவது இட்லிக்குத் தானாகவே கையை நீட்டினாள். சரண்யாவுக்கு உயிர் வந்தது.

அந்த நேரம் பார்த்து விக்ரம் உள்ளே வந்தான். மத்தியானப் பதிலைக் கையோடு வாங்கிப் போக வந்தவன், மேஜையில் அப்பா பேர் வெட்டிய தட்டைப் பார்த்ததும் வாசல்படியிலேயே நின்றுவிட்டான்.

அன்னக்கொடியும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். இட்லியைப் பிட்ட கையோடு தட்டைத் திருப்பி, எழுத்தைக் கூட்டி வாசித்தாள்.

"மொக்கைச்சாமி, தங்கப்பொண்ணு. யாரும்மா இது?"

"என் மாமனாரும் மாமியாரும்மா."

"சூளை வச்சிருந்த மொக்கைச்சாமியா? அவரா இந்தப் பங்களாவ வாங்குனது?" அன்னக்கொடியின் குரல் இறங்கியது. "அப்ப நீங்க… அந்த ஆளுகளா?"

வாசற்படியில் விக்ரம் தலையை ஆட்டினான். வேண்டாம் மதினி, எதையாவது சொல்லிச் சமாளி என்று கண்ணாலேயே கெஞ்சினான். சமாளிக்க வழியும் இருந்தது. வாடகைக்கு எடுத்து நடத்துகிறோம் என்று ஒரு வார்த்தை போதும்.

"ஆமாம்மா" என்றாள் சரண்யா. "எங்க மாமா இந்த வயல்ல கூலி வேல பாத்தவுக. அத்தை இந்தக் கொட்டத்துல சாணி அள்ளுனவுக. இப்ப இது அவுக வீடு. நீங்க பிட்டு வச்சிருக்கிற இட்லி அவுக அவிச்சது."

அன்னக்கொடி இட்லித் துண்டை மெல்லத் தட்டிலேயே வைத்தாள். "இன்னைக்கு வெள்ளிக்கிழமைல்ல. நான் விரதம். மறந்தே போச்சு."

"என்னம்மா விரதம்?" சத்யப்ரியாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "காலைல சூடா நாலு இட்லி கெடைச்சா தேவலைன்னு நீதான நேத்துச் சொன்ன?"

"இப்பத்தான் நெனப்பு வந்துச்சு. நீ சாப்பிட்டு வா. நான் கார்ல இருக்கேன்."

எழுந்தவள் சரண்யாவின் முகத்தைப் பார்க்கவில்லை. இரண்டடி போய் நின்று, திரும்பித் தட்டை ஒருமுறை பார்த்தாள். அவளுக்கும் பசிதான். அவளுக்கும் அது லேசான காரியமாக இல்லை என்று தெரிந்தது. ஆனாலும் போய்விட்டாள்.

"திருப்தியா மதினி?" என்றான் விக்ரம் பல்லைக் கடித்துக்கொண்டு. "இதுக்குத்தான் நான் மூட்டைய அடுக்குவோம்னு சொன்னேன். எங்கம்மா இதப் பாக்கவா எங்கப்பா வீடு வாங்குனாரு?"

சரண்யாவுக்குத் திக்கென்றது. விடுதியின் மேல் விக்ரமுக்கு ஒரு பகையும் இல்லை. குடோன்காரர் மேல் பாசமும் இல்லை. அம்மாவுக்கு மறுபடியும் ஒரு அவமானம் வராமல் இருக்கத்தான் பிள்ளை வீட்டையே மூடிவிடப் பார்த்திருக்கிறான்.

அவன் சொல்லி வாய் மூடவில்லை, பின்பக்கக் கதவு திறந்தது.

தங்கப்பொண்ணு வந்தாள். எல்லாம் காதில் விழுந்திருக்கிறது என்பது பார்த்தாலே தெரிந்தது. இப்போது இவள் உடைந்துவிடுவாள், இனிமேல் அடுப்பைப் பற்ற வைக்கவே மாட்டாள், எல்லாம் என்னால்தான் என்று சரண்யா நினைத்தாள்.

தங்கப்பொண்ணு முந்தானையில் கையைத் துடைத்தாள். அன்னக்கொடி எழுந்துபோன நாற்காலியை இழுத்து, அதில் உட்கார்ந்தாள்.

"ஆறிப் போகுது" என்றாள். பிட்டு வைத்த அந்த இட்லியையே எடுத்துக் குழம்பில் தோய்த்து வாயில் போட்டாள். "எந்திரிச்சதுல இருந்து பச்சத்தண்ணி பல்லுல படல. பசிக்குது."

சத்யப்ரியா குழம்புக் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்து, கரண்டியால் மொச்சையாகப் பார்த்து அள்ளினாள்.

"அம்மா, இன்னும் கொஞ்சம் ஊத்தவா?"

"ஊத்து, தாயி."

ஒரு விருந்தாளி பரிமாற, வீட்டுக்காரி சாப்பிட்டாள். மாட்டுக்குத் தண்ணி காட்டப் போன பாண்டிராஜ் திரும்பி வந்து, நடந்தது என்னவென்று மனைவியின் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டு, சத்தம் காட்டாமல் சுவரோரம் நின்றான்.

சத்யப்ரியா கை கழுவி வந்து உட்கார்ந்தாள். "எங்க அம்மாவுக்காக நான் மன்னிப்புக் கேட்டா அது பொய்யா இருக்கும். அவங்கதான் கேக்கணும். நான் தொழில் பேசுறேன்" என்றாள். "அடுத்த மாசம் ஆளுங்களைக் கூட்டிட்டு வரணும்னு இருக்கேன். இந்தச் சாப்பாட்டுக்கே வருவாங்க. ஆனா அவங்கள்லயும் எங்க அம்மா மாதிரி ஆளுங்க இருக்கலாம். இது யாரு வீடு, யாரு சமையல்னு முன்னாடியே விளம்பரத்துல எழுதிப் போட்டுரவா? இல்ல, வெள்ளைக்காரன் கட்டின வீடுன்னு மட்டும் போட்டுட்டு விட்டுரவா? நீங்க எப்படிச் சொல்றீங்களோ அப்படி."

"எழுதாதீங்க மேடம்" என்றான் விக்ரம் அவசரமாக. "எழுதுனா ஒருத்தரும் வர மாட்டாக. வேணவே வேணாம். குடோன்காரரு பதிலுக்குக் காத்துக்கிட்டு இருக்காரு. நான் சரின்னு சொல்லிர்றேன்."

அவன் திரும்பினான். பாண்டிராஜ் சுவரை விட்டு நகர்ந்து வாசலை மறித்தான். சரண்யா கலியாணம் ஆகி வந்ததிலிருந்து, சண்டை நடக்கும் இடத்தை நோக்கி அவன் நடந்ததை இன்றுதான் பார்க்கிறாள்.

"நில்லுடா. கேட்டது அம்மாட்ட. அவுக பதில் சொல்லட்டும்."

"அண்ணே, ஒனக்குத் தெரியாது…"

"தெரியும். அந்த அண்டாக் கதை எனக்கும் தெரியும். நில்லு."

விக்ரமின் சட்டைப் பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தான். குடோன்காரர். அடித்து ஓய்ந்து, மறுபடியும் அடித்தது. வெளியே காரில் அன்னக்கொடி கண்ணாடியை ஏற்றிவிட்டுத் தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருப்பது ஜன்னல் வழியே தெரிந்தது.

சரண்யாவுக்குப் பேச வேண்டும்போல் இருந்தது. ஆனால் காலையில் தன் பங்கைப் பேசி முடித்துவிட்டாள். இது தங்கப்பொண்ணின் கை, தங்கப்பொண்ணின் அடுப்பு. அவள் என்ன சொன்னாலும் அதுதான் என்று மனதைக் கெட்டிப்படுத்திக்கொண்டு நின்றாள்.

தங்கப்பொண்ணு கடைசி வாயையும் சாப்பிட்டாள். தட்டை வழித்தாள். ஒரு வாய் தண்ணீர் குடித்தாள். பிறகு சத்யப்ரியாவை நேருக்கு நேர் பார்த்தாள்.

"எழுதிப் போடு, தாயி. எம் பேரு, அவரு பேரு, நாங்க யாரு, என்ன வேல பாத்தோம், எல்லாத்தையும் போடு. படிச்சுப் பாத்துட்டு எம்புட்டுப் பேரு வாராகளோ, அம்புட்டுப் பேருக்கு நான் மாவாட்டுறேன்."